டிஐ-84 பிளஸ்: சொந்த ஷெல்லிலிருந்து இன்னொரு புரோகிராமை ஓட்டினால் ராம் அழிகிறது

இசட்80பித்தன்:
டிஐ-84 பிளஸ் கால்குலேட்டருக்கு (கறுப்பு வெள்ளைத் திரை) அசெம்பிளியில் ஒரு ஷெல் (மற்ற புரோகிராம்களைப் பட்டியலிட்டு ஓட்டும் புரோகிராம்) எழுதுகிறேன். ஃப்ளாஷ் ஆப் அல்ல, சாதாரண புரோகிராம். விஏடி-யை (எந்த மாறி, எந்த புரோகிராம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) படித்துப் பட்டியல் காட்டுகிறது. ஆனால் தேர்ந்தெடுத்ததை 9டி95-க்கு (அசெம்பிளி புரோகிராம் ஓடும் ராம் முகவரி; முகவரிகள் எல்லாம் ஹெக்ஸில்) எல்டிஐஆர் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் நகலெடுத்து கால் செய்ததும் "ராம் கிளியர்டு" வருகிறது. பட்டியலில் !, # என்ற பெயர்கள் வேறு வருகின்றன. ஆர்கைவில் (ஃப்ளாஷ் நினைவகத்தில்) இருப்பவை அசெம்பிளியா பேசிக்கா என்றும் பிரிக்க முடியவில்லை.

பைட்வேட்டை:
உங்கள் ஷெல்லே 9டி95-இல்தான் ஓடுகிறது. அங்கேயே நகலெடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கோடின் மேலேயே எழுதுகிறீர்கள்.

முதலில் இன்சர்ட்மெம் என்ற ஓஎஸ் ரூட்டீன் மூலம் 9டி95-இல் இடம் திறக்க வேண்டும். எச்எல் ரெஜிஸ்டரில் அளவு, டிஇ ரெஜிஸ்டரில் முகவரி. ஷெல் அப்படியே மேலே நகர்ந்துவிடும். அதனாலேயே இந்த பிகாலை (ஓஎஸ் ரூட்டீனுக்கான அழைப்பு) ஷெல்லுக்குள்ளிருந்து செய்யக் கூடாது. திரும்பி வரும்போது அந்த முகவரியில் வேறு ஏதோ இருக்கும். ஒரு சிறு ஸ்டப்பை (துணைக் கோடு) ஸ்டாட்வார்ஸுக்கு (புள்ளியியல் மதிப்புகளுக்கான ராம் பகுதி, 8ஏ3ஏ, 531 பைட்) நகர்த்தி அங்கிருந்து செய்யுங்கள். போதிய ராம் இருக்கிறதா என்ற எனஃப்மெம் சோதனை அதற்கும் முன்பு. இன்சர்ட்மெம் விஏடி-யிலுள்ள டேட்டா முகவரிகளைத் திருத்தும். நீங்கள் தனியாகக் குறித்து வைத்த பாயின்டரைத் திருத்தாது. ஆகவே ஓபி1-இல் (ஓஎஸ் பெயரை எதிர்பார்க்கும் ராம் இடம்) பெயரை மறுபடி வைத்து செக்ஃபைண்ட்சிம் மூலம் தேடுங்கள், அப்புறம்தான் எல்டிஐஆர். அசெம்பிளி என்பதற்கு அடையாளமான பிபி 6டி என்ற முதல் இரண்டு பைட்டை விட்டுவிடுங்கள்.

பலர் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில். ஸ்டாட்வார்ஸை விளையாட்டுகளும் தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். உங்கள் ஸ்டப் அழிந்து போகும். திரும்பி வர வேண்டிய கோடை, திறந்த இடத்திலேயே புரோகிராமுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். விளையாட்டு முடிந்ததும் அது 12 பைட் வால் ஒன்றை ஸ்டாட்வார்ஸில் எழுதி அங்கே தாவட்டும்: எச்எல்-இல் 9டி95, டிஇ-யில் அளவு, டெல்மெம் (திறந்த இடத்தை மூடுவது), ஷெல்லுக்கு ஜம்ப். ஹைஸ்கோரைத் தன் உடலுக்குள்ளேயே சேமிக்கும் விளையாட்டு என்றால், டெல்மெம்முக்கு முன்பே மூலத்தில் திருப்பி எழுதிவிட வேண்டும். முடிவில் டெல்ரெஸ் (பழைய புள்ளியியல் முடிவுகளைச் செல்லாததாக்குவது) கூப்பிடுங்கள், இல்லையேல் புள்ளியியல் மதிப்புகளாகக் குப்பை தெரியும்.

சி000-க்கு மேல் கோடு ஓடாது. ஆக, புரோகிராமும் ஒட்டிய பகுதியும் சேர்ந்து 8811 பைட்டுக்குள் அடங்க வேண்டும்.

கொடிபிட்:
பட்டியலைப் பற்றி. விஏடி-யில் புரோக்பிடிஆர்-இலிருந்து பிடெம்ப் வரை (பெயருள்ள மாறிகளின் பகுதியின் எல்லைகள்) கீழ்நோக்கிப் போகும்போது ஆப்வார், குரூப், லிஸ்ட் எல்லாம் கலந்தே இருக்கும். வகை பைட்டை 1எஃப்-ஆல் ஆண்ட் செய்து 5, 6 (புரோகிராம், பூட்டிய புரோகிராம்) மட்டும் எடுங்கள். ! மற்றும் # ஓஎஸ் தனக்காக வைத்திருப்பவை. பெயரின் முதல் எழுத்து 'ஏ'-வுக்குக் கீழே இருந்தால் தாண்டிவிடலாம். மறைத்து வைத்த புரோகிராம்களும் இதில் அடங்கிவிடும். தீட்டா 5பி, அது செல்லும்.

பேஜ் பைட் 0 இல்லையென்றால் ஆர்கைவ். டிஇ-யிலிருந்து 9 பைட் தள்ளிப் பெயரின் நீளம், பிறகு பெயர், பிறகு அளவு 2 பைட், அதன்பின் பிபி 6டி இருக்கிறதா பாருங்கள். கூட்டும்போது எச்எல் 7எஃப்எஃப்எஃப்-ஐத் தாண்டினால் 4000 கழித்துப் பேஜை ஒன்று கூட்ட வேண்டும். இதை விட்டால் எப்போதாவது ஒரு புரோகிராம் மட்டும் காரணமே தெரியாமல் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஓட்டுவதற்காக ஆர்க்_அனார்க் (ஆர்கைவிலிருந்து ராமுக்கு மாற்றுவது) வேண்டாம், ஃப்ளாஷ்டுராம் (ஃப்ளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுப்பது) போதும். திரும்ப ஆர்கைவ் செய்யும் ஒவ்வொரு முறையும் கார்பேஜ் கலெக்ட் (ஆர்கைவின் பழைய நகல்களைத் துடைப்பது) நெருங்கும்.

இசட்80பித்தன்:
இப்போது ஓடுகிறது, நன்றி. ஆனால் சில விளையாட்டுகள் ரெட் (அழைத்த இடத்துக்குத் திரும்பும் கட்டளை) போடாமல் ஜேஃபோர்ஸ்கமாண்ட் வழியாக நேரே ஓஎஸ் முகப்புக்கு வெளியேறுகின்றன. ஒவ்வொரு முறையும் ராம் குறைகிறது.

பைட்வேட்டை:
ஓஎஸ் 89இசி-யில் உள்ள ஏஎஸ்எம்_பிஆர்ஜிஎம்_சைஸ் அளவுக்கு மட்டுமே 9டி95-இலிருந்து அழிக்கும். இடம் திறந்ததும் அந்த எண்ணோடு உங்கள் அளவைக் கூட்டுங்கள், டெல்மெம்முக்குப் பின் கழியுங்கள். ஷெல்லுக்குத் திரும்பாது, ஆனால் ராம் கசியாது.

கொடிபிட்:
பேசிக் புரோகிராமை பார்ஸ்இன்ப் என்ற ஓஎஸ் ரூட்டீன் மூலம் ஓட்டும்போது முன்னால் எச்எல்-இல் பிழை ஹேண்ட்லர் முகவரியோடு கால் 59 (ஹேண்ட்லரை நிறுவ), பின்னால் கால் 5சி (அதை நீக்க). பிழை வந்து ஹேண்ட்லருக்குள் நுழைந்துவிட்டால் 5சி வேண்டாம். அது ஏற்கெனவே ஸ்டாக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கும்.

என்னைக் கேட்டால் ஷெல் வளரப் போகிறதென்றால் ஆப்பாக மாற்றுவதே மேல். 4000-இலிருந்து ஓடும், இன்சர்ட்மெம் ஷெல்லை நகர்த்தாது, முதல் ஸ்டப்பே தேவையில்லை. மாறிகளை மட்டும் ராமில் வையுங்கள். ஃப்ளாஷ் முகவரியில் எல்டி கட்டளையால் எழுதினால் எதுவும் பதியாது.