ஒருபாலீர்ப்பைக் காரணம் வைத்துப் பணிநீக்கம்: எப்படி நிரூபிப்பது?

கேள்வி: மட்டக்களப்பில் தனியார் நிறுவனமொன்று, ஒருபாலீர்ப்பாளர் என்று தெரியவந்ததும் ஊழியரை நிறுத்திவிட்டது. கடிதத்தில் "வேலை திருப்தியில்லை" என்றுதான் இருக்கு. என்ன செய்யலாம்?

பதில் 1: தனியார் துறையில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அரச நிருவாகச் செயல்களுக்குத்தான். ஆகவே தொழில் நியாய சபையில் நியாயமற்ற பணிநீக்கம் என்றே 6 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். நிறுத்தியதை நிறுவனம் ஒத்துக்கொண்டால், அது நியாயம் என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது. தயவுசெய்து இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீங்க, வழக்கே தலைகீழாகும்.

பதில் 2: திகதிகள்தான் உயிர். வேலை நன்றாக இருந்ததைக் காட்ட முந்தைய சம்பள உயர்வுக் கடிதம், பிறகு விஷயம் பரவிய நாள் வட்ஸ்அப் செய்தி. செய்தியில் அனுப்பியவரின் தொலைபேசி இலக்கமும் நேரமும் தெரியவேணும். வெட்டிய ஸ்கிரீன்ஷொட்டை எதிர்த்தரப்பு லேசாக உடைக்கும்.

பதில் 3: ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. சட்டத்தரணியிடம் காட்டாமல் தனிவாழ்க்கை பற்றி மனுவில் ஒரு வரியும் எழுதவேண்டாம்.