மறு: கதிர் கொடுத்த பின் வரும் வீக்கத்துக்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு:
வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலாய், சீனப் பக்கங்கள் தயார். தமிழ் ஒரு சொல்லில் நிற்கிறது. செவி நரம்புக் கட்டிக்குக் காமா நைஃப் (கத்தியின்றிக் கதிர்களைக் குவித்துப் பாய்ச்சும் கருவி) கதிர் கொடுத்தபின், முதல் ஒன்றரை ஆண்டுக்குள் சிலருக்கு ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியும். நடுப்பகுதி கருத்துப்போய் ஓரம் உப்பியிருக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். “போலி வளர்ச்சி” சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோலாலம்பூர்:
போலி என்றதும் நம்மவருக்குப் போலி டாக்டர்தான் நினைவுக்கு வருவார். இலக்கணப்படியும் ஒட்டாது. அறம், அறன் என்று எழுத்து மாறியும் பொருள் மாறாததே போலி. இங்கே பொருளே வேறு. “வம்பு நிலையின்மை” என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையில் வம்ப மாரியை, அதாவது பருவம் தப்பிய மழையை, கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிடுகிறது. ஸ்கேனைப் பார்த்து அவசரமாகக் கத்தி எடுக்கும் மருத்துவரும் அந்தக் கொன்றைதான். ஆகவே “வம்பப் பெருக்கம்”.

தாதி, பட்டர்வொர்த்:
அழகுதான் ஐயா. வார்டில் சொன்னால், “கட்டி என்னா வம்பு பண்ணுச்சு?” என்று பாட்டிமார் கேட்பார்கள். “தற்காலிக வீக்கம்” போதுமே. அப்புறம், “செவி நரம்பு” என்பதே தவறு. கட்டி கிளம்புவது பக்கத்திலுள்ள சமநிலை நரம்பின் உறையிலிருந்து.

ஆசிரியர்:
கட்டி, கட்டு, கட்டுப்பாடு மூன்றும் ஒரே வேராக இருக்குமோ?

மருத்துவர், கோலாலம்பூர்:
ஐயா, வேரை அப்புறம் பார்ப்போம். கையேட்டில் வரும் “கட்டி கட்டுப்பட்டது” என்ற வரிதான் எனக்குக் கவலை. பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளராமல் நிற்கிறது, உண்மை. இப்போது கொடுக்கும் 12, 13 கிரே என்ற கதிர் அளவில் முக நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் காது அப்படியில்லை. சிகிச்சையின்போது ஓரளவு நன்றாகக் கேட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூட பத்தாண்டில் அந்தக் கேள்திறன் மிஞ்சுவதில்லை. கட்டுப்பட்டது என்று படித்தவர் காது பிழைத்தது என்று நினைத்துக்கொள்வார். “கட்டி வளராமல் நிற்கும், கேட்கும் திறன் மெல்லக் குறையலாம்” என்று இரண்டையும் சேர்த்தே போடுங்கள். வீக்கத்துக்கு எந்தச் சொல்லானாலும் எனக்குச் சம்மதம்.

மொழிபெயர்ப்பாளர்:
அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். “தற்காலிக வீக்கம்” என்றே அனுப்புகிறேன். செவி நரம்பு தலைப்பில் இருக்கட்டும், உள்ளே விளக்கியிருக்கிறேன்.

ஆசிரியர்:
தற்காலிகம் வடசொல். “இடைவீக்கம்” என்றாவது போட்டிருக்கலாம்.

தாதி:
இடுப்பு வீங்கிவிட்டது என்று ஓடி வருவார்கள் ஐயா.

ஆசிரியர்:
சரி. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பில் பேசுவோம்.