கட்டாந்தரைக்கும் டர்ஃபுக்கும் ஒரே பூட் ஆகுமா? பாதம் எரியுது, ஹெல்ப் பண்ணுங்க

லெஃப்ட்பேக்24:
எல்லாருக்கும் வணக்கம். நான் வடசென்னை. ஞாயித்துக்கெழம காலைல ஏரியா கிரவுண்ட்ல ஃபுட்பால் ஆடுவோம், புல்லே கெடையாது, மழை பேஞ்சு காஞ்சா தரை சிமெண்ட் மாதிரி ஆயிடும், மேல பொடி மண்ணு கெடக்கும். புதன்கிழமை நைட்டு 9 மணிக்கு ஆபீஸ் பசங்களோட பாக்ஸ் டர்ஃப், அதாவது சுத்தி வலை கட்டுன சின்ன செயற்கைப் புல் கிரவுண்ட். ரெண்டுக்கும் ஒரே எஃப்ஜி (ஃபர்ம் கிரவுண்ட்) பூட்தான், அடில முன்பக்கம் பிளேடு மாதிரி நீட்டு ஸ்டட் (முள்ளு). வாங்கி 4 மாசம்கூட ஆகல. அரைமணி நேரம் ஆடினாலே கட்டைவிரலுக்குக் கீழ இருக்கற மேட்டுல, சரியா ஸ்டட் இருக்கற எடத்துல ஒரு எரிச்சல், வீட்டுக்கு வந்து சாக்ஸ கழட்டுனா அஞ்சு ரூபா காசு அளவுக்கு செவந்துருக்கு. போன வாரம் டர்ஃப்ல சடார்னு திரும்புனேன், கால் அங்கயே மாட்டிக்கிச்சு, ஒடம்பு மட்டும் திரும்பிடுச்சு, முட்டில சுளீர்னு இழுத்துச்சு. அதுலேருந்து பயமாவே இருக்கு. வாங்கும்போது கடைல எல்லா தரைக்கும் ஆகும்னுதான் சொன்னாங்க. பட்ஜெட் 3500, பாதம் வேற அகலம். என்ன வாங்கலாம்?

பழைய_ஸ்டாப்பர்:
தம்பி, பூட்ட அப்புறம் பாக்கலாம், முட்டி வீங்கியிருக்கா? படி எறங்கறப்ப முட்டி நழுவுற மாதிரி இருக்கா? ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் எலும்பு டாக்டர்கிட்ட காட்டாம கிரவுண்ட் பக்கம் போகாத. எனக்கு இதே மாதிரிதான் திரும்பும்போது போச்சு, சுளுக்குதானேன்னு எண்ணெய் தேச்சுட்டு ரெண்டு வாரத்துல மறுபடி எறங்கிட்டேன், அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஒக்காந்திருந்தேன்.

விங்கர்_வெற்றி:
ப்ரோ டர்ஃபுக்குன்னே ஏஜி (ஆர்டிஃபிஷியல் கிரவுண்ட்) பூட் இருக்கு, அத வாங்கிடுங்க, முடிஞ்சது.

கோச்_அண்ணா_வ.செ:
வெற்றி தம்பி, புதன்கிழமைக்கு மட்டும்னா நீ சொல்றது சரி. ஞாயித்துக்கெழம கட்டாந்தரைல என்ன பண்ணுவான்?

லெஃப்ட்பேக் தம்பி, ஒன் எரிச்சலுக்குக் காரணம் இதான். எஃப்ஜி பூட்ல 11, 12 ஸ்டட்தான் இருக்கும், அதெல்லாம் மண்ணுக்குள்ள எறங்கணும்னுதான் செஞ்சிருக்கான். புல்லு தரைல எறங்கும், பாதம் முழுசா தரைல படும். கட்டாந்தரைல எங்க எறங்கும்? நீ அந்த 11 முனை மேல நிக்கிற, ஒன் வெயிட்டு பூரா அந்தப் புள்ளிகள்ல ஏறுது, உள்ள இருக்கற தகடும் கெட்டி, அதான் அந்தக் காசு சைஸ் செவப்பு. டர்ஃப்ல கத தலகீழ், அங்க நீட்டு ஸ்டட் செயற்கைப் புல்லோட நாருக்குள்ள போய் கடிச்சிக்கும், பிளேடா இருந்தா சுழலவும் விடாது, திருப்பம் பூரா முட்டிக்குப் போகும்.

ஏஜில ஸ்டட் குட்டையா, உருண்டையா, நெறைய இருக்கும், அதனால பாரம் பிரியும். ஆனா அதுவும் நீளமான நாரும் ரப்பர் துகளும் இருக்கற டர்ஃபுக்குத்தான். டிஎஃப்னு (டர்ஃப் பூட்) போட்டிருக்கறதுல அடிப்பாகம் பூரா சின்னச் சின்ன ரப்பர் குமிழு இருக்கும், உள்ள மெத்து மெத்துன்னு ஒரு ஃபோம் அடுக்கு. கட்டாந்தரைக்கும் குட்டை நார் டர்ஃபுக்கும் அதவிட நல்லது இல்ல. ஒன் டர்ஃப் எந்த ரகம்? கட்டைவிரல வச்சு அழுத்திப் பாத்துட்டு வந்து சொல்லு.

விங்கர்_வெற்றி:
ஓகேண்ணா, கட்டாந்தரைய நான் யோசிக்கல. ஆனா டிஎஃப் பொடி மண்ணுல வழுக்காதா?

கோச்_அண்ணா_வ.செ:
கொஞ்சம் வழுக்கும், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா கால் வழுக்கி விழுந்தா சிராய்ப்பு, கால் மாட்டிக்கிட்டுத் திரும்புனா முட்டி. ரெண்டுல நான் சிராய்ப்பதான் எடுத்துப்பேன். சில கம்பெனிகள் ஹெச்ஜின்னு (ஹார்ட் கிரவுண்ட்) கட்டாந்தரைக்கே தனியா செய்றாங்க, ஆனா 3500க்குள்ள அடங்கறது கஷ்டம்.

ரெண்டு_பசங்க_அம்மா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பெரியவனுக்கு 11 வயசு, கிரவுண்ட்லேருந்து வந்தா குதிகால் வலின்னு நொண்டுறான். அவனுக்கும் நீட்டு ஸ்டட்தான் வாங்கிக் குடுத்தேன். அதனாலயா?

கோச்_அண்ணா_வ.செ:
இருக்கலாம்மா. வளர்ற வயசுல குதிகால் எலும்பு இன்னும் முழுசா கூடியிருக்காது, கெட்டித் தரைல கெட்டி பூட்டோட ஓடுனா அங்க வலி வரும். டிஎஃப் மாத்துங்க, ரெண்டு வாரம் ஓட்டத்தக் கொறைங்க. நொண்டுறான்னு சொல்றதால ஒரு தடவ டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.

லெஃப்ட்பேக்24:
அண்ணா அழுத்திப் பாத்தேன். நாரு விரல் நகம் ஒசரம்கூட இல்ல, வெறும் கார்ப்பெட், கைல மணல்தான் ஒட்டுச்சு, கருப்பு ரப்பர் ஒண்ணும் வரல. முட்டில வீக்கம் இல்ல, ஆனா ஸ்டாப்பர் அண்ணா சொன்னதால டாக்டர்கிட்ட காட்டிட்டேன், தசைநார் லேசா இழுத்திருக்கு, 3 வாரம் ஆடாதன்னாரு.

கோச்_அண்ணா_வ.செ:
அப்ப யோசிக்கவே வேணாம், ரெண்டு நாளுக்கும் டிஎஃப் ஒண்ணே போதும். சாயங்காலமா போ, அப்பதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், ஆடுற சாக்ஸ எடுத்துட்டுப் போய் போட்டுப் பாரு. நீளம் சரியா இருந்து சுண்டுவிரல் பக்கம் பிதுங்குச்சுன்னா ஒரு சைஸ் ஏத்தி வாங்காத, குதிகால் உள்ள ஆடும், அகலமான வேற மாடல் பாரு. பூட்டோட நாக்குக்கு உள்பக்கம் லேபிள்ல சென்டிமீட்டர் போட்டிருக்கும், யூகே நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சென்டிமீட்டர வச்சு ஒப்பிடு.

லெஃப்ட்பேக்24:
இன்னைக்கு சாயங்காலம் வாங்கிட்டேன்ணா, 2,799. கடைல டைல்ஸ் தரைல ஒத்தக்கால்ல நின்னு திரும்பிப் பாத்தேன், பாதத்துல எங்கயும் குத்தல. 3 வாரம் முடிஞ்சதும் ஆடிட்டு இங்கயே வந்து சொல்றேன்.

பழைய_ஸ்டாப்பர்:
3 வாரம்னா 3 வாரம் தம்பி. நடுவுல ஆள் கொறையுதுன்னு கூப்புடுவாங்க, போயிடாத.