நாய்ப் பூங்கா அமைப்பதில் அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பயன்படாமல் கிடக்கும் பொது நிலமொன்றில், நாய்களைச் சங்கிலியின்றி ஓடவிடுவதற்கான பூங்காவை அமைக்கத் தன்னார்வலர்கள் சிலர் திட்டமிட்டு வருகிறோம். வரைபடத்தை இறுதி செய்யும் முன் உங்கள் ஆலோசனையை நாடுகிறோம்.

ஒரு கதவை மூடிய பின்னரே அடுத்ததைத் திறக்கும்படியான இரட்டைக் கதவு நுழைவாயிலும், சிறிய நாய்களுக்கெனத் தனிப் பகுதியும் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. தரைதான் எங்களைத் திணற வைக்கிறது. நாய்கள் கூடிக் குதிக்கும் வாயிலருகேதான் புல் முதலில் தேயும். பிறகு ஒரு மழைக்கே அந்த இடம் சேறாகிவிடும். மரச்சில்லு பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்றாலும், அது மக்கிப்போவதால் அவ்வப்போது புதிதாக நிரப்ப வேண்டியிருக்கும். இவற்றைப் பராமரித்தவர்கள் எது நீடித்தது என்று கூறினால் பேருதவியாக இருக்கும்.

நாய்க்குட்டிகளைக் கடுமையாகத் தாக்கும் தொற்றுக் கிருமியான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதால், தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படாத குட்டிகளை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால், ஆசையோடு குட்டியைத் தூக்கி வருபவரை வாயிலில் தடுத்து நிறுத்துவது எளிதன்று. உங்கள் பூங்காக்களில் தடுப்பூசிச் சான்றிதழ்களை யார், எப்போது சரிபார்க்கிறார்கள்? விதிமுறைப் பலகையின் வாசகமோ வேலியின் அளவுகளோ கைவசம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.