முதல் வண்டியே 650 ஆக இருக்கலாமா?

புதுக்கை:
இதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. பழகுநர் உரிமம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு யோசனை இருக்கிறது. பல வருஷமாக ஆசைப்பட்ட 650 சிசி வண்டியைத் தவணையில் புதிதாக எடுத்துவிடலாம். இல்லையென்றால் பழைய 125 ஒன்றை வாங்கி ஓட்டிப் பழகிவிட்டு அப்புறம் மாறலாம். "சின்ன வண்டி ஆறே மாதத்தில் சலித்துவிடும், ஒரே தடவையாக வாங்கிப் போடு" என்கிறான் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெடுந்தூரன்:
நண்பன் சொல்வதுதான் சரி தம்பி. என் முதல் வண்டியே 650தான். ஆக்சிலேட்டர் உன் கையில்தானே இருக்கிறது? மெதுவாகத் திருகினால் மெதுவாகப் போகும். 125ஐ வாங்கி, காப்பீடு கட்டி, சர்வீஸ் செய்து, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவாய். எல்லாம் தண்டச் செலவு. நெடுஞ்சாலையில் ஏறினால் 125க்கு மூச்சு வாங்கும். பின்னால் லாரி நெருக்கும்போது விலகிப் போக வண்டியில் சத்து வேண்டாமா?

செயின்எண்ணெய்:
"மெதுவாகத் திருகினால் மெதுவாகப் போகும்" என்பது ஓட்டத் தெரிந்தவர் பேச்சு. ஆறு வருஷமாக வார இறுதியில் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். முதல் நாள் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான்: கிளட்ச்சைச் சட்டென்று விடுவார்கள், வண்டி எகிறும், உடம்பு பின்னால் போகும். கை ஹேண்டிலை விடாது, வலது மணிக்கட்டு தானாகக் கீழே மடங்கும். மடங்கினால் ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். பயந்து இன்னும் இறுக்குவார்கள், இன்னும் திறக்கும். இதில் எங்கே மெதுவாகத் திருகுவது? 125இல் என்றால் "கிளட்ச், கிளட்ச்" என்று நான் கத்துவதற்குள் பத்தடி போயிருக்கும். 650இல் அதற்குள் சுவர் வந்துவிடும்.

நெடுந்தூரன்:
எனக்கு எந்தச் சுவரும் வரவில்லையே.

செயின்எண்ணெய்:
சந்தோஷம் அண்ணா. வந்தவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை.

நெடுந்தூரன்:
சரி, அனுபவக் கதையை விடுவோம், ஆதாரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. 1981இல் வந்த அறிக்கை. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகாதவர்கள். ஆனால் சாலையில் ஓட்டிய மொத்த அனுபவம் கிட்டத்தட்ட 3 வருஷம். கவனியுங்கள், ஆள் பழையவன், வண்டிதான் புதுசு. அப்படியானால் 125இலிருந்து 650க்கு மாறுகிற அன்று இந்தத் தம்பி மறுபடியும் புதியவன்தான். ஒரு தடவை தாண்ட வேண்டிய கண்டத்தை ஏன் இரண்டு தடவை தாண்டச் சொல்கிறீர்கள்?

செயின்எண்ணெய்:
இது நல்ல கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கை நான் இப்படிப் படிக்கிறேன்: எந்த வண்டியானாலும் முதல் ஐந்து மாதம் மோசம். அந்த ஐந்து மாதத்தில் கிளட்ச், கியர், பிரேக், சாலை, எடை, வேகம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா, பிரித்துப் பழக வேண்டுமா? 125இல் பழகியவன் 650க்கு மாறும்போது அவன் கால் கியரைத் தேடாது. எதிரே வரும் கார் திரும்பப்போகிறதா என்று பார்க்கக் கண்ணுக்கு ஓய்வு இருக்கும். அவன் எடைக்கும் இழுவைக்கும் மட்டும் பழகினால் போதும்.

அப்புறம், அதே அறிக்கையில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நெடுந்தூரன்:
விபத்தில் சிக்காதவர்கள் எல்லாம் பயிற்சிப் பள்ளியிலா படித்தார்கள்? அதைச் சொல்லாமல் 92 என்றால் என்ன அர்த்தம்?

செயின்எண்ணெய்:
அதே சாலைகளில் விபத்தில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். முழுசாகப் படியுங்கள்.

ரெஞ்சு:
இரண்டு பேரும் சிசியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ஐரோப்பாவில் உரிமமே படிப்படியாகத்தான் தருகிறார்கள். ஏ1 என்றால் 125 சிசி, இன்ஜின் சக்தி 11 கிலோவாட் வரை. ஏ2 என்றால் 35 கிலோவாட் வரை. அதற்குப் பிறகுதான் வரம்பில்லாத உரிமம். வேடிக்கை என்னவென்றால் ஏ2வில் சிசிக்கு வரம்பு கிடையாது. 650இலேயே 35 கிலோவாட்டுக்குள் அடங்கும் சாதுவும் உண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும் முரடும் உண்டு. தம்பி எந்த 650ஐச் சொல்கிறார் என்று யாராவது கேட்டீர்களா?

ஆனால் சாதுவானாலும் எடை எடைதான். சுமார் 200 கிலோ. நான் 650 வாங்கிய இரண்டாம் வாரம், நடக்கிற வேகத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பியிருந்தேன். ஒரு நாய் குறுக்கே வர, முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான், வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஏபிஎஸ் இருந்ததே என்று கேட்காதீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்குமே தவிர, சாயும் வண்டியைத் தாங்கிப் பிடிக்காது. ஊர்ந்து திரும்பும்போது பின் பிரேக்கும் பாதி கிளட்ச்சும்தான் துணை என்பதை அன்று முட்டி வழியாகக் கற்றேன். விழுந்தது வலப்பக்கம். சைடு ஸ்டாண்டை முதலில் விரித்து, கியரில் போட்டுவிட்டு, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து முதுகு காட்டித் தூக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குனிந்து தூக்கப் போய் ஒரு வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது.

நெடுந்தூரன்:
பிரேக் பிடிக்கத் தெரியாததற்கு வண்டி மேல் பழியா அண்ணே?

ரெஞ்சு:
பழி என் மேல்தான். ஆனால் 125ஆக இருந்திருந்தால் காலை ஊன்றித் தாங்கியிருப்பேன்.

குட்டைக்கால்:
நடுவில் ஒரு வார்த்தை. நான் குள்ளம். புதுக்கை, எந்த வண்டியானாலும் வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பாதமும் நன்றாகத் தரையில் பதிகிறதா என்று. பழகிய பிறகு ஒரு காலை ஊன்றியே சமாளிக்கலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். பழகும்போது நுனிவிரலில் நிற்பது கொடுமை. அப்புறம் தவணை போக ஹெல்மெட்டுக்குப் பணம் மிஞ்சுமா என்றும் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பின்படி ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. பெரிய வண்டியில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நெடுந்தூரன்:
ஹெல்மெட் விஷயத்தில் யாரும் மறுக்கவில்லையே. பழைய 125 என்று எல்லாரும் புகழ்கிறீர்கள், பிரேக் இல்லாத, டயர் வழுக்கையான ஓட்டை வண்டியில் பழகினால் அது பாதுகாப்பா? புது வண்டியில் அந்தத் தலைவலி இல்லை.

ரெஞ்சு:
இது ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னாய். தம்பி, பழையதை எடுப்பதாக இருந்தால் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பார். நீ வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று யோசி. செயின் தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம், ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டு, ஹேண்டில் கழுத்தில் டொக் டொக்கென்று தட்டினால் பேரிங் போயிருக்கலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். டயரின் பூ, அதாவது மேலே உள்ள பள்ளக்கோடுகள், நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாறாதே, ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடு தட்டிவிடும்.

புதுக்கை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று தெரிந்தவர் ஒருவரின் 125ஐக் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டினேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. 11 தடவை ஆஃப் ஆனது, எண்ணிக்கொண்டே இருந்தேன். இடது கை மரத்துப்போய்விட்டது. பன்னிரண்டாவது தடவை ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விட்டேன். இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, வண்டி லேசாக முன்னால் குனிந்தது, அப்புறம் நகர்ந்துவிட்டது. செயின்எண்ணெய் அக்கா சொன்ன மணிக்கட்டுக் கதையும் ஒரு தடவை நடந்தது. நல்லவேளை, பக்கத்தில் சுவர் இல்லை. 650 இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நெடுந்தூரன்:
ஆறு மாதம் கழித்து "எந்த 650 நல்லது" என்று நீயே வந்து கேட்பாய். அப்போது பேசிக்கொள்கிறேன்.

செயின்எண்ணெய்:
கேட்கட்டுமே, நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். நான் "இப்போது வேண்டாம்" என்றுதான் சொன்னேன், "எப்போதும் வேண்டாம்" என்று சொல்லவில்லை.

புதுக்கை:
125 வைத்திருப்பவரே அந்த வண்டியை எனக்கு விற்பதாகச் சொல்கிறார். பிரேக், செயின், ஹேண்டில் கழுத்து எல்லாம் ரெஞ்சு அண்ணே சொன்னபடி பார்த்துவிட்டேன், சரியாகவே இருக்கிறது. நாளை அதில் எட்டு போட்டுப் பழகலாம் என்று இருக்கிறேன். பின் டயரில் 3114 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

ரெஞ்சு:
2014ஆம் வருஷம் 31ஆவது வாரம். விலையில் ஒரு டயர் காசைக் குறைக்கச் சொல், டயரை மாற்றிவிட்டு எட்டு போடு.