இரண்டாம் வகுப்பு ஸ்பானிஷ் புத்தக மூலை: பிள்ளைகள் எடுக்கிறார்கள், படிக்காமல் வைத்துவிடுகிறார்கள்

கேள்வி:
டெக்சாஸில் இருமொழி வகுப்பு. 22 பிள்ளைகளில் 13 பேர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். பத்துப் பேர் மெக்சிகோ குடும்பம், மூவர் வெனிசுவேலா. அலமாரியில் 90 ஸ்பானிஷ் புத்தகங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆங்கில மூலத்துக்குக் கொடுத்த வாசிப்பு நிலையையே சீட்டாக ஒட்டிப் பெட்டி பிரித்திருக்கிறேன். படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். கையில் 500 டாலர் இருக்கிறது. புதிதாக வாங்கவா, இருப்பதைச் சரிசெய்யவா?

பதில் 1:
டீச்சர், முதலில் அந்தச் சீட்டுகளை உரித்துவிடுங்கள். கோளாறு அங்கேதான். ஆங்கிலத்தில் 'கேட்' (பூனை), 'ஹேட்' (தொப்பி) ஓரசைச் சொற்கள், எதுகையோடு வரும். ஸ்பானிஷில் அவை 'காத்தோ', 'சொம்ப்ரேரோ'. எதுகை போச்சு, அசை கூடிப்போச்சு, நடுவில் 'ப்ரே' என்று கூட்டெழுத்தும் வந்துவிட்டது. ஸ்பானிஷ் பிள்ளை மா, மே, மீ என்று அசையசையாகப் படிக்கக் கற்கிறது. 'ப்ரா', 'ப்ளே' வகையும், எழுதியும் ஒலிக்காத 'உ' வரும் 'கே', 'கி' வகையும் பிறகுதான் வரும். ஆங்கில நிலைக்கு இந்த வரிசை தெரியாது.

புத்தகத்தின் நடுவிலிருந்து 100 சொல் வாசிக்கச் சொல்லுங்கள். 5 இடறலுக்குள் இருந்தால் தனியே படிக்கலாம். 10 தாண்டினால் நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டிய புத்தகம். எங்கே இடறுகிறது என்பதையும் குறியுங்கள். கூட்டெழுத்தில் என்றால் எழுத்துப் பயிற்சி போதும். சரளமாக வாசித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியவில்லை என்றால் சிக்கல் சொல்லில்.

பதில் 2:
அந்தச் சொல் சிக்கல் பெரும்பாலும் ஊர் வழக்கு. பஸ்ஸுக்கு மெக்சிகோவில் 'கமியோன்', கியூபாவில் 'குவாகுவா'. அதே 'குவாகுவா' சிலியில் கைக்குழந்தை. ஸ்பெயினில் அச்சான புத்தகத்தில் 'வொசோத்ரோஸ்' என்ற 'நீங்கள்' வரும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் அதைக் கேட்டே இருக்க மாட்டார்கள். அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். பின்னட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி 'புத்தகத்தில்', 'எங்கள் வீட்டில்' என இரண்டு பத்தி போட்டு, படிக்கிற பிள்ளையே நிரப்பட்டும்.

உரையாடலையும் கவனியுங்கள். பல ஸ்பானிஷ் கதைகளில் மேற்கோள் குறி கிடையாது, பேச்சு நீளக்கோட்டில் தொடங்கும். ஆங்கிலத்தில் பழகிய பிள்ளைக்கு யார் பேசுகிறார் என்றே பிடிபடாது. ஒரு பக்கத்தைப் பலகையில் எழுதி, ஆளுக்கொரு நிறத்தில் கோடிட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

பதில் 3:
பணத்தை மூட்டையாக விற்கும் 100 புத்தகத் தொகுப்பில் போடாதீர்கள். உரிமைப் பக்கத்தில் 'தீத்துலோ ஒரிஹினால்' (மூலத் தலைப்பு) என்று ஆங்கிலத் தலைப்பு இருந்தால் அது மொழிபெயர்ப்பு, கீழே வையுங்கள். ஸ்பானிஷிலேயே எழுதப்பட்டவைதான் இப்போது உங்களுக்கு வேண்டும். மெக்சிகோவில் 1934-இல் தொடங்கிய ஃபோந்தோ தே குல்தூரா எகோனோமிகா பதிப்பகத்தின் 'அ லா ஒரீயா தெல் வியென்தோ' வரிசையைப் பாருங்கள்: வெள்ளை படிக்கக் கற்பவர்களுக்கு, நீலம் படிக்கத் தொடங்கியவர்களுக்கு, ஆரஞ்சு நன்றாகப் படிப்பவர்களுக்கு. உங்களுக்கு வெள்ளையும் நீலமும். வெனிசுவேலாப் பிள்ளைகளுக்கு, 1978-இல் கராகஸில் தொடங்கிய எகாரே பதிப்பகம்.

லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர், ஓவியர்களின் சிறுவர் நூல்களுக்கு அமெரிக்காவில் 1996 முதல் தரப்படும் பூரா பெல்ப்ரே விருதுப் பட்டியலை அப்படியே வாங்கினால் ஏமாறுவீர்கள். அதில் பல நூல்கள் ஆங்கிலத்தில் எழுதியவை. ஸ்பானிஷ் பதிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புத்தகம் 10 டாலர் என்று வைத்தால் 50 பிரதி. 25 தலைப்பு, தலைப்புக்கு இரண்டு. இரண்டு பேர் சேர்ந்து படிக்கும்போதுதான் புத்தகம் அலமாரியைவிட்டு இறங்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஸ்பானிஷ் கதைகள் இலவசம், அச்செடுக்கலாம். மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும். வாசித்துப் பார்த்து எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. சீட்டுகளை உரிக்கிறேன். இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது? அடுக்குவது எப்படி?

பதில் 1:
அவற்றுக்குத் தனிக் கூடை. கலந்து வைத்தால் கண் தனக்கு எளிதான மொழிக்கே ஓடும். ஸ்பானிஷ் நேரத்தில் ஆங்கிலப் பத்தியைத் தாளால் மறைத்து கிளிப் போடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எடுத்துவிடலாம், பெற்றோருக்கு இரண்டும் உதவும்.

அடுக்கும்போது முன்னட்டை தெரியட்டும். பல ஸ்பானிஷ் புத்தகங்களின் முதுகில் தலைப்பு கீழிருந்து மேலாக ஓடும், ஆங்கிலத்துக்கு நேர்மாறு. தலைப்பு வரிசையில் 'எல்', 'லா', 'லோஸ்' (ஆங்கில 'தி' போன்றவை) ஆகியவற்றை விட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'எஞே' (ñ) தனி எழுத்து, 'என்' முடிந்த பிறகு வரும். 'சே' (ch), 'எயே' (ll) இரண்டும் 1994 முதல் அகரவரிசையில் தனியாக நிற்பதில்லை. பழைய அகராதியைப் பார்த்து அடுக்கினால் அங்கேதான் குழம்பும்.