புதிதாக குவில்ட் தைக்க வருகிறவர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது?

இழைக்கோலம்:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் நாலு பேர் குவில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது) கற்றுக்கொள்ள வருகிறார்கள். இரண்டு பேர் ஜாக்கெட் தைப்பவர்கள். மற்ற இருவருக்கும் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். இருப்பது இரண்டு கறுப்பு மிதி மெஷின், ஒரு சின்ன கரண்ட் மெஷின். ரோட்டரி கட்டர் (துணி வெட்டும் சக்கர பிளேடு), மேட், நீள ஸ்கேல் எல்லாம் ஒரே ஒரு செட். ஆனால் நாலு பேருக்கும் எடுத்த எடுப்பிலேயே டபுள் காட் சைஸ் வேண்டுமாம்!

மாதிரிக்கு ஆளுக்கு ஒரு ஒன்பது கட்ட பிளாக் தைக்கக் கொடுத்தேன் (2½ இன்ச் சதுரம் ஒன்பது). 6½ இன்ச் வரவேண்டும். ஒருவருக்கு 6¼, ஒருவருக்கு 6¾, இன்னொருவருக்கு ஒரு பக்கம் 6½, மறுபக்கம் 6¼. இதில் 6¼ வந்தது ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கு. "இத்தனை வருஷம் மெஷின் மிதிச்சும் இது வரலையே" என்று துணியை மடித்து வைத்துவிட்டார். தப்பு எங்கே, அதை எப்படிச் சொல்வது? முதல் வேலையாக எதைக் கொடுக்கலாம்?

மிதிமெஷின்:
முதலில் அந்த அக்காவைக் கூப்பிட்டு அவருடைய பிளாக்கை மூன்று இடத்தில் அளந்து காட்டுங்கள். மூன்றிலும் 6¼ வந்தால் அவருடையது ரொம்பச் சீரான கை. பிடிக்கும் மார்ஜின் (தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே விடும் இடம்) மட்டும்தான் வேறு. கணக்கு இதுதான்: மூன்று சதுரம் 7½ இன்ச். நடுவே இரண்டு தையல். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் கால் கால் இன்ச் உள்ளே போனால் மொத்தம் 1 இன்ச் குறைந்து 6½ நிற்கும். கால் இன்ச்சுக்கு மேல் அரை நூல், அதாவது 1/16 இன்ச் கூடுதலாகப் பிடித்தால், நாலு ஓரமும் சேர்ந்து கால் இன்ச்சைத் தின்றுவிடும். பின்னால் பிரித்துவிட வேண்டுமே என்று தாராளமாக மார்ஜின் விட்டுப் பழகியவர்களுக்கு இது வருவது சகஜம். 6¾ வந்தவர் அரை நூல் குறைவாகப் பிடித்திருக்கிறார்.

ஒரு பக்கம் 6½, மறுபக்கம் 6¼ என்பது வேறு சிக்கல். தையல் முடிகிற இடத்தில் துணியைக் கைவிட்டுவிடுகிறார், கடைசி அரை இன்ச்சில் துணி திரும்பிக்கொள்கிறது. அதற்கு ஒரு சின்ன வழி: இரண்டு இன்ச் கழிவுத் துணி ஒன்றில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே சதுரத்துக்குள் போகவேண்டும். முடியும்போதும் இன்னொரு கழிவுத் துணிமேல் ஏறி நிற்கவேண்டும். கறுப்பு மெஷினில் சதுரத்தின் மூலை ஊசிக் குழிக்குள் இழுபடுவதும் இதனால் நிற்கும்.

மார்ஜினைக் கண்ணளவில் பிடிக்கச் சொல்லாதீர்கள். கறுப்பு மெஷினின் பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரம் சரியாகக் கால் இன்ச்சில் இருக்காது. கோட்டுத் தாளில் ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஊசியைக் கையால் இறக்குங்கள். தாளின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே பிளேட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஏழெட்டு அடுக்கு ஒட்டினால் துணி சாய்ந்து போக ஒரு சுவர் கிடைக்கும். துணியை நகர்த்தும் பல்லை டேப் மூடக்கூடாது. மெஷின் தட்டில், ஊசிக்கு வலப்பக்கம், கைடு மாட்டும் திருகு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டேப்பே வேண்டாம்.

பிறகு சோதனை. 1½ இன்ச் அகலம், 5 இன்ச் நீளத்தில் மூன்று பட்டை வெட்டிச் சேர்த்து அயர்ன் பண்ணி, நடுப்பட்டையை அளக்கவேண்டும். சரியாக 1 இன்ச் இருக்கவேண்டும். ஒரு மயிரிழை குறைந்தால் டேப்பை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். துணி மடங்கும் இடமும் கொஞ்சம் அளவைத் தின்னும், அதனால் மார்ஜின் கால் இன்ச்சைவிட ஓரிரு இழை குறைவாகவே இருப்பது நல்லது. இந்தப் பட்டை சரியாக வரும் வரை சதுரத்தைத் தொடவே வேண்டாம். ஊசி 14 நம்பர், இன்ச்சுக்கு 12 தையல்.

சதுரக்கட்டம்:
டபுள் காட் வேண்டவே வேண்டாம். மேல்துணி தைப்பது பிரச்சினை இல்லை. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் மெஷினின் கழுத்துக்குள் அத்தனை கனமும் சுருண்டு நிற்கும். புதிய ஆள் அதைத் தள்ளவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் ஊசியை உடைப்பார்.

18 இன்ச் சதுரம் கொடுங்கள். ஒன்பது கட்ட பிளாக் ஐந்து, வெறும் 6½ இன்ச் சதுரம் நாலு, மாற்றி மாற்றி மூன்றுக்கு மூன்று. அடர் நிறத்தில் 2½ இன்ச் சதுரம் 25, வெளிர் நிறத்தில் 20. வேலை முடிந்தால் மேசை விரிப்பு, பின்பக்கம் உறை வைத்தால் குஷன் கவர். வெட்டு, தையல், அயர்ன், அடுக்கு, பைண்டிங் (ஓரத்தைச் சுற்றிப் பட்டை வைத்துத் தைப்பது) என எல்லாப் பாடமும் இதிலேயே அடங்கும்.

அதே பிளாக்கை ஐந்துக்கு ஐந்து வைத்தால் 30 இன்ச் குழந்தைப் போர்வை. ஒன்பது கட்டம் 13, வெறும் சதுரம் 12. 44 இன்ச் அகலத் துணியில் பைண்டிங்கையும் சேர்த்து அடர் நிறம் முக்கால் மீட்டர், வெளிர் அரை மீட்டர், வெறும் சதுரத்துக்கு அரை மீட்டர், பின்துணி ஒரு மீட்டர் போதும்.

துணி எல்லாமே காட்டனாக இருக்கட்டும். பாப்ளின் நல்லது. பாலியஸ்டர் கலந்த ஜாக்கெட் பிட்டைத் தள்ளி வையுங்கள், அயர்ன் பண்ணினாலும் மடிப்பு நிற்காது. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நனைத்துக் காயவைக்கவேண்டும். சுங்குடி, அச்சுப் போட்ட கைத்தறி, கருஞ்சிவப்பு, இண்டிகோ என்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் இன்னும் இரண்டு அலசு. அப்போதும் ஏறினால் அதை வெள்ளைப் பக்கத்தில் வைக்கவேண்டாம். துவைத்துத் தளர்ந்த துணிக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிவிட்டு வெட்டினால் பாதித் தொல்லை குறையும்.

ஒரே கட்டர் என்பதால் வெட்டும் வேலையை வரிசையாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு மடிப்புக்கு மேல் வெட்டவேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடை மூடுவது கட்டாயம், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இழைக்கோலம்:
நன்றி. பட்டைச் சோதனை செய்தோம். டேப் ஒட்டிய பிறகு அந்த அக்காவுக்கு இரண்டாவது பட்டையிலேயே சரியாக 1 இன்ச் வந்துவிட்டது, அவரே மற்றவர்களுக்கு அளந்து காட்டுகிறார். இப்போது அடுத்த கேள்வி. சதுரங்கள் சந்திக்கிற இடத்தில் கோடு ஒட்டவில்லை, ஒரு நூல் விலகுகிறது. ஒருவர் பார்க்கிற தப்பையெல்லாம் பிரிக்கிறார், இன்னொருவர் எதையுமே பிரிக்க மாட்டேன் என்கிறார்.

துண்டுத்துணி:
கோடு விலகுறது தையல்ல இல்லீங்க, அயர்ன்ல. முதல் வரிசையில மார்ஜினை வெளிப்பக்கம் பார்த்துச் சாய்க்கணும், ரெண்டாவது வரிசையில உள்பக்கம் பார்த்து, மூணாவதுல மறுபடி வெளியே. அடர் சதுரம் நாலு மூலையிலும் நடுவிலும் இருந்தா, இது தானாவே அடர் பக்கம் சாயறதா அமையும், வெள்ளையில நிழல் தெரியாது. அப்புறம் ரெண்டு வரிசையை முகத்தோட முகம் வெச்சா மார்ஜின் எதிரெதிரா நிக்கும். விரலால தடவினா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிறது தெரியும். மேடு தட்டக்கூடாது. அங்கேயே ஒரு குண்டூசி. அயர்ன் பாக்ஸை வேட்டி தேய்க்கிற மாதிரி இழுக்காம, வெச்சு அழுத்தி எடுக்கச் சொல்லுங்க. இழுத்தா சதுரம் சாய்சதுரமாயிடும்.

பிரிக்கிற விஷயத்துக்கு ஒரு கணக்கு வெச்சுக்கலாம். துவைச்சா பிஞ்சிடும்னா பிரிக்கணும், கண்ணுக்கு மட்டும் உறுத்துதுன்னா விட்டுடலாம். மார்ஜின் ஒரு நூலுக்கும் (1/8 இன்ச்) கீழே போயிருந்தாலும், அடியில நூல் கண்ணி கண்ணியா தொங்கினாலும், பின்துணியில மடிப்பு மாட்டியிருந்தாலும் பிரிச்சே ஆகணும். சந்திப்புல ஒரு நூலுக்குள்ள விலகல் இருந்தா அது மூணு அடுக்கும் தைச்சு ஒரு தடவை துவைச்ச பிறகு சுருக்கத்துல காணாமப் போயிடும். எல்லாத்தையும் பிரிக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க, பிரிக்கப் பிரிக்க ஓரம் நைஞ்சு, இருக்கிற மார்ஜினும் போயிடும்.

பிரிக்கவும் முறை இருக்கு. துணியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பிரிக்கவே கூடாது. ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒரு வெட்டு சீம் ரிப்பரால (தையல் பிரிக்கிற கருவி), அப்புறம் மறுபக்கம் நூலை இழுத்தா முழுசா வந்துடும்.

இன்னொண்ணு. அவங்க திணறும்போது "நகருங்க, நான் காட்டுறேன்"னு மெஷின்ல உக்காந்துடாதீங்க. நம்ம கை வேகத்தைப் பார்த்தா இன்னும் பயந்துக்குவாங்க. பக்கத்துல நின்னு வாயால சொல்லுங்க, கை அவங்களோடதா இருக்கட்டும். "சூப்பர், சூப்பர்"னு பொதுவா சொல்றதைவிட "இந்த நாலு சந்திப்புல மூணு பூட்டியிருக்கு, இந்த ஒண்ணுல மட்டும் மார்ஜின் புரண்டிருக்கு"ன்னா அடுத்த பிளாக்ல எதைக் கவனிக்கணும்னு அவங்களுக்கே தெரியும்.

நூல்கண்டு:
சதுரம் சதுரமாக ஏன் தைக்கவேண்டும்? 2½ இன்ச் பட்டையாகவே மூன்றைச் சேர்த்து அயர்ன் பண்ணி, குறுக்கே 2½ இன்ச்சில் வெட்டினால் வரிசை தயார். அடர்-வெளிர்-அடர் ஒன்று, வெளிர்-அடர்-வெளிர் ஒன்று. நேரம் பாதியாகும்.

மிதிமெஷின்:
நேரம் மிச்சம்தான், ஆனால் பட்டையில் மார்ஜின் தப்பினால் அதிலிருந்து வெட்டும் பதினைந்து வரிசையும் தப்பும். நீளப் பட்டை எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்தால் வில்லாகவும் வளையும். முதல் மூன்று பிளாக் சதுரமாகவே போகட்டும். 6½ வந்தவர்கள் பட்டைக்கு மாறலாம். மாறும்போது இரண்டாவது தையலை முதல் தையலுக்கு எதிர்முனையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இழைக்கோலம்:
சரி, அப்படியே செய்கிறோம். மூன்று பேருக்கு மேல்துணி முடியப்போகிறது. நடுவில் என்ன வைப்பது? கடையில் புசுபுசுவென்று ஒரு பஞ்சு ஷீட் காட்டினார்கள்.

ரெட்டைமடிப்பு:
அது மெத்தைக்கும் சோபாவுக்கும் போகிற பாலியஸ்டர். புதியவர்களுக்கு வேண்டாம், தைக்கத் தைக்க நழுவும். மட்டமானது என்றால் இழை துணியைத் துளைத்து மேலே முளைக்கும். பாலியஸ்டர்தான் கிடைக்கும் என்றால் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) அளவில் மெல்லியதாக வாங்குங்கள். காட்டன் பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட்) கிடைத்தால் அதுவே மேல். துணியோடு ஒட்டி நிற்கும்.

நம் வெயிலுக்கு இதைவிட எளிய வழி, துவைத்து மெத்தென்றான பழைய காட்டன் சேலையை இரண்டு மூன்று மடிப்பு வைப்பது. வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் பழந்துணி அடுக்கியே தைப்பவை. கையாலும் மெஷினாலும் ஊசி சுலபமாக இறங்கும், துவைத்தாலும் சீக்கிரம் காயும். ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

பின்துணிக்குக் காடா துணி எடுத்தால் வெந்நீரில் நனைத்துக் கஞ்சியும் சுருக்கமும் போன பிறகு வெட்டுங்கள். 18 இன்ச் வேலைக்கு எல்லாப் பக்கமும் 2 இன்ச் கூடுதல், 30 இன்ச்சுக்கு 3 இன்ச். டைல்ஸ் தரையில் பின்துணியை மறுபுறம் மேலே தெரிய விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், இழுத்துக் கட்டக்கூடாது. இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிப் பின்பக்கம் மடிப்பு விழும். மேலே பஞ்சு, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே வந்து, நாலு இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அதற்கடியில் ஒரு பின் இருக்கவேண்டும்.

கறுப்பு மெஷினில் தைப்பதாக இருந்தால் மேலே உள்ள பிரஷர் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஊசியை 16 நம்பராக்கி, இன்ச்சுக்கு 8 தையல் வையுங்கள். நடுக்கோடு முதலில், பிறகு வலது பாதி, பிறகு இடது பாதி. அடுத்தடுத்த கோடுகளை எதிரெதிர்த் திசையில் ஓட்டினால் நடுவில் துணி குறுக்காக நெளியும், அதனால் எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். கோட்டுக்குக் கோடு 3 இன்ச்சுக்கு மேல் விடவேண்டாம். மெஷின் பயம் போகாத இருவரும் கையால் ஓட்டுத் தையலே போடட்டும். 18 இன்ச் நீளத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும். தையல் பொடியாக இருப்பது அப்புறம் வரும், இப்போதைக்கு மேலும் கீழும் ஒரே அளவாக விழுந்தால் போதும். முடிச்சை வெளியே விடாமல், மெல்லச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் இறக்கச் சொல்லுங்கள்.

இழைக்கோலம்:
பைண்டிங்குக்கு கிராஸ் பீஸ்தான் (துணியில் மூலைவாட்டமாக வெட்டும் பட்டை) வெட்டணும் என்கிறார் அக்கா. கழுத்துப் பைப்பிங் மாதிரி.

சதுரக்கட்டம்:
கழுத்து வளைவு, அதனால் கிராஸ். இது நேர் ஓரம், நேர்வாட்டத்திலேயே 2½ இன்ச் பட்டை வெட்டலாம். துணியும் மிச்சம். பட்டைகளை 45 டிகிரியில் இணைத்து, நீளவாக்கில் மடித்து அயர்ன் பண்ணுங்கள். நாலு பக்கச் சுற்றளவோடு 12 இன்ச் கூடுதல், அதாவது 18 இன்ச் வேலைக்கு 84 இன்ச். முன்பக்கம் வெட்டு ஓரத்தோடு ஓரம் வைத்துக் கால் இன்ச்சில் தைத்து, மூலைக்குக் கால் இன்ச் முன்னால் நிறுத்தி, பின்னால் இரண்டு தையல் போட்டு நூலை அறுக்கவேண்டும். பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு கீழே மடித்து, மடிப்பு மேல் ஓரத்தோடு சமமாக நின்றதும் ஓரத்திலிருந்தே தொடங்கலாம். மூலை வட்டமாகிவிட்டால் நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்று அர்த்தம். கால் இன்ச்சில் பென்சில் புள்ளி வைத்துக் கொடுங்கள். பின்பக்கத்தை மறைதையலாக முடிக்க அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜாக்கெட் ஹெம்மிங் போட்ட கை. மற்ற மூவருக்கும் அதை அவரே சொல்லிக்கொடுக்கட்டும்.